வேதநாட்டுப் படிப்புப் பயணம்: வாசகர் கேள்வி – பதில்

வேதாகம நாடுகளுக்குப் படிப்பு நோக்கில் போக விரும்புகிறவர்கள் கேள்வி அனுப்பலாம் என்று சென்ற இதழில் அறிவித்திருந்தோம். எந்த முகவர் மலிவு என்று கேட்ட கடிதங்களை ஒதுக்கிவிட்டோம். அது எங்கள் வேலை இல்லை. மற்றவற்றில் திருகோணமலை மாவட்டத்திலிருந்து வந்தவற்றை இந்த இதழுக்கு எடுத்திருக்கிறோம்.

கேள்வி: இறையியல் இறுதியாண்டு படிக்கிறேன். கையில் இருப்பது 15 நாள். எகிப்து, ஜோர்தான், இஸ்ரேல், துருக்கி, கிரேக்கம் ஐந்தையும் அந்த நாட்களுக்குள் காட்டுவதாக ஒரு முகவர் சொல்கிறார். சேரலாமா? — உவர்மலை வாசகர்

பதில்: பார்க்கலாம், படிக்க முடியாது. நாட்டுக்கு நாடு மாறும் ஒவ்வொரு தடவையும் பெட்டி கட்டுவது, வரிசையில் நிற்பது, மறுபக்கத்தில் வாகனம் பிடிப்பது என்று அரை நாள் போய்விடும். அந்த நிகழ்ச்சிநிரலில் எபேசுவுக்கு எத்தனை மணி நேரம் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். இரண்டு மணி நேரம் என்றிருந்தால், படமெடுக்கத்தான் கூட்டிப்போகிறார்கள் என்று விளங்கிக்கொள்ளலாம்.

இரண்டு நாட்டுக்கு மேல் வேண்டாம். உங்கள் ஆய்வு புதிய ஏற்பாடு என்றால் துருக்கியும் கிரேக்கமும்; பழைய ஏற்பாடு என்றால் ஜோர்தானும் புனித பூமியும். இரண்டுக்கும் பொதுவாக ஒருவர் கேட்டால், இப்போதைக்கு முதலாவதையே சொல்வோம். 2023 ஒக்டோபருக்குப் பிறகு இஸ்ரேல் பக்கம் வான்பாதை திடீரென மூடப்படுவதும் விமானங்கள் இரத்தாவதும் நடந்திருக்கிறது. சாதாரண பயணக் காப்புறுதி போரினால் வரும் நட்டத்தை ஏற்காது. அந்த வரி பத்திரத்தின் கடைசிப் பக்கங்களில் சிறிய எழுத்தில் இருக்கும். காசு கட்டுவதற்கு முன்பே வாசியுங்கள்.

துருக்கியில் இஸ்தான்புல்லுக்கு இரண்டு நாள் கொடுங்கள். அங்கே தொல்பொருள் நூதனசாலையில் மூன்று கல்வெட்டுகள் உண்டு. எருசலேமுக்குள் தண்ணீர் கொண்டுவர எசேக்கியா அரசன் குடைந்த சுரங்கத்தில் 1880 இல் கண்டெடுத்த சீலோவாம் கல்வெட்டு ஒன்று. எருசலேம் ஆலயத்தின் உட்பிராகாரத்துக்குள் அந்நியர் நுழையக் கூடாது என்று எச்சரிக்கும் கிரேக்கக் கல் மற்றது. அப்போஸ்தலர் 21 இல் பவுலைப் பிடித்ததற்குக் காரணமே இந்தத் தடைதான். மூன்றாவது, மாதவாரியாகக் கமத்தொழில் வேலைகளைச் சொல்லும் கேசேர் நாட்காட்டி. உள்ளங்கையளவுக் கல், கவனியாவிட்டால் தாண்டிப் போய்விடுவீர்கள். திருத்த வேலைக்காகச் சில மண்டபங்களை மூடிவைப்பது அந்த நூதனசாலையின் வழக்கம். எது திறந்திருக்கிறது என்று முதல் நாளே விசாரியுங்கள்.

பிறகு விமானத்தில் இஸ்மிர். அங்கிருந்து செல்சுக்கில் மூன்று இரவு தங்கினால் எபேசுவும் மிலேத்துவும் முடியும். இஸ்மிரிலிருந்து வரும் ரயில் செல்சுக்கில் நின்று தெனிஸ்லிக்குப் போகிறது. ஏறக்குறைய மூன்று மணி நேரம். தெனிஸ்லியில் இரண்டு இரவு தங்கினால் லவோதிக்கேயா, இயராப்போலி, கொலோசே. வெளிப்படுத்தலில் வரும் ஏழு சபைகளையும் பார்த்தே தீர வேண்டுமென்றில்லை. தியத்தீரா இன்றைய அகிசார் பட்டணத்தின் நடுவே ஒரு வேலிக்குள் அடங்கிவிட்டது; பிலதெல்பியாவில் பெரிதாகத் தெரிவது ஒரு பிற்காலத் தேவாலயத்தின் தூண்கள். ஒன்றைக் கூட்டுவதென்றால் சர்தையைக் கூட்டுங்கள்: உடற்பயிற்சிக் கூடத்தோடு ஒட்டிய பெரிய யூத தொழுகைக்கூடம் அங்கே இருக்கிறது. பெர்கமுவின் புகழ்பெற்ற பலிபீடம் பெர்கமுவில் இல்லை, பெர்லினில் இருக்கிறது. மலையில் மிஞ்சியிருப்பது அதன் அடித்தளமும் சில பைன் மரங்களும்தான்.

கிரேக்கத்தில் தெசலோனிக்கேயிலிருந்து பஸ்ஸில் கவாலா. பவுல் கரையிறங்கிய நெயாப்போலி அதுதான். பிலிப்பி அங்கிருந்து ஏறக்குறைய 15 கிலோமீற்றர். ஏதென்ஸிலிருந்து கொரிந்துக்குப் புறநகர் ரயில் உண்டு. ஆனால் நிலையம் புதிய பட்டணத்தில். பழைய கொரிந்து இன்னும் சில கிலோமீற்றர் தள்ளி, பஸ்ஸோ டாக்சியோ பிடிக்க வேண்டும். தெல்பிக்கு ஒரு நாள் ஒதுக்கத் தயங்காதீர்கள். வேதாகமத்தில் அந்த ஊரின் பெயரே வராது. ஆனால் அங்கே கிடைத்த, கொரிந்தில் பவுலை யார்முன் நிறுத்தினார்களோ அந்தக் கல்லியோனின் பெயர் சொல்லும் கல்வெட்டுத் துண்டுகளை வைத்துத்தான் அவன் அகாயாவில் அதிபதியாக இருந்த காலம் கி.பி. 51–52 அளவில் என்று கணித்தார்கள். பவுலின் வாழ்க்கைக்கு நாம் போடும் ஆண்டுகளெல்லாம் அதில் தொங்குகின்றன.

கேள்வி: மகனின் கல்லூரியில் கிரேக்கத்துக்கும் ஜோர்தானுக்கும் கூட்டிப்போகிறார்கள். என்னென்ன பத்திரங்கள் ஆயத்தம் செய்ய வேண்டும்? — பாலையூற்றிலிருந்து ஒரு தாய்

பதில்: வரிசையை மாற்றாதீர்கள். முதலில் கடவுச்சீட்டு, பிறகு கல்லூரிக் கடிதம், பிறகு விசா, காசு கட்டிய விமானச்சீட்டு கடைசியில். மலிவாகக் கிடைக்கிறது என்று சீட்டை முதலில் வாங்கிவிட்டு, விசா மறுக்கப்பட்டதும் முழுக் காசையும் இழக்கிறவர்கள் அதிகம். விசா விண்ணப்பத்துக்கு முன்பதிவுத் தாள் போதும்.

கடவுச்சீட்டுக்கு உங்களுக்குக் கிட்டிய பிராந்திய அலுவலகங்களில் ஒன்று வவுனியா. தலைமை அலுவலகம் இருக்கும் பத்தரமுல்லைக்குத்தான் போக வேண்டுமென்றில்லை. பயணம் முடிந்த பிறகும் ஆறு மாதம் செல்லுபடியாகும்படி இருக்கட்டும். பெயர் விடயத்தில் கவனம். நம் பிள்ளைகளுக்குத் தகப்பன் பெயர் முன்னால் வரும், பாடசாலைச் சான்றிதழில் அது முதலெழுத்தாகச் சுருங்கியிருக்கும், கடவுச்சீட்டில் விரிந்திருக்கும். விமானச்சீட்டும் காப்புறுதியும் கல்லூரிக் கடிதமும் கடவுச்சீட்டில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். தமிழில் உள்ள பிறப்பத்தாட்சிப் பத்திரத்தைச் சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து ஆங்கிலத்தில் எடுங்கள். தெரிந்த ஆசிரியரின் மொழிபெயர்ப்பு, எவ்வளவு சரியாக இருந்தாலும், செல்லாது.

கிரேக்கத்துக்கு, ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான செங்கன் விசா. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், 15 நாளுக்குப் பிந்தக் கூடாது. பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, மறுக்கப்பட்டாலும் திரும்பக் கிடைக்காது. காப்புறுதி குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவைத் தாங்க வேண்டும். கிரேக்கத் தூதரகம் புதுடில்லியில் இருப்பதால் 15 நாள் என்பதை நம்பியிருக்காமல் இரண்டு மாதமாவது முந்துங்கள்.

வங்கிக் கூற்றில்தான் பலர் சறுக்குகிறார்கள். மூன்று மாதமாக வெறுமையாகக் கிடந்த கணக்கில் விண்ணப்பத்துக்கு முதல் வாரம் ஐந்து லட்சம் வந்து விழுந்தால், அது கைமாற்று என்று அதிகாரி ஒரு பார்வையில் கண்டுபிடிப்பார். காசு உங்களுடையதாக இருக்கட்டும், நகை அடகு வைத்ததாக இருக்கட்டும், எங்கிருந்து வந்ததென்ற பற்றுச்சீட்டை இணையுங்கள். சபையோ மறைமாவட்டமோ செலவை ஏற்றால், தொகை எழுதிய கடிதம் வேண்டும். "எல்லா உதவியும் செய்வோம்" என்ற கடிதத்தால் பயனில்லை.

ஜோர்தானில் வெளிநாட்டவருக்கென்று "ஜோர்தான் பாஸ்" விற்கிறார்கள். பாறையில் குடைந்த பழைய நகரமான பெட்ராவில் ஒரு நாள் என்றால் 70 தினார், இரண்டு நாள் 75, மூன்று நாள் 80. குறைந்தது மூன்று இரவு தங்கினால் விசாக் கட்டணம் அதிலேயே கழியும். கழிவது கட்டணம் மட்டும். நுழைய அனுமதி அதனால் கிடைத்துவிடாது. எந்த நாட்டுக் கடவுச்சீட்டுக்கு முன்அனுமதி வேண்டும் என்ற பட்டியல் அவர்களிடம் உண்டு, அதைப் பார்த்துவிட்டே பாஸை வாங்குங்கள்.

கேள்வி: வெளிப்படுத்தல் 3 இல் லவோதிக்கேயா சபை "குளிருமல்ல, அனலுமல்ல" என்பதற்கு, இயராப்போலியின் வெந்நீர் குழாயில் வந்து ஆறிப்போனதுதான் காரணம் என்று ஞாயிறு பள்ளியில் சொல்லிக்கொடுக்கிறோம். நம் கன்னியா வெந்நீர் ஊற்றைக் காட்டியே சொல்வதுண்டு. சரியா? — அன்புவழிபுரம் ஞாயிறு பள்ளி ஆசிரியை

பதில்: கன்னியாவைக் காட்டுவது சரி, குழாயைத் திருப்பிப் போடுங்கள்.

லவோதிக்கேயாவில் நின்று வடக்கே பார்த்தால், லைக்கஸ் பள்ளத்தாக்குக்கு அப்பால், ஏறக்குறைய 10 கிலோமீற்றரில், மலைச்சரிவு வெள்ளைவெளேரென்று தெரியும். அதுதான் இயராப்போலி, இன்றைய பாமுக்கலே. அந்த ஊற்றுநீர் 35 பாகை அளவில் வருகிறது. கரைந்திருக்கும் சுண்ணாம்பு வெளியே வந்ததும் படிந்து படிகளாக இறுகுகிறது. கிழக்கே கொலோசே; அங்கே மலையிலிருந்து குளிர்ந்த ஓடை. இடையில் லவோதிக்கேயா, தனக்கென்று நல்ல ஊற்று இல்லாத பணக்கார ஊர். இதுவரை நீங்கள் சொல்லிக்கொடுப்பது சரி.

ஆனால் லவோதிக்கேயாவின் தண்ணீர் வடக்கிலிருந்து வரவில்லை. தெற்கே, இன்றைய தெனிஸ்லிப் பக்கத்து ஊற்றுகளிலிருந்து வந்தது. கடைசிப் பகுதியில் பள்ளம் குறுக்கிட்டதால், நடுவில் துளையிட்ட கற்களை ஒன்றோடொன்று பொருத்தி, இரட்டைக் குழாயாகப் போட்டு, அழுத்தத்தால் தண்ணீரை மேட்டுக்கு ஏற்றினார்கள். மாணவர்கள் பெரும்பாலும் கோயிலையும் வீதியையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். நீங்கள் நகரின் தென்பக்கத்துக்கு நடந்து, நீர்க்கோபுரத்தின் மிச்சத்தைப் பாருங்கள். சுவருக்குள் பதித்த சுடுமண் குழாய்களில் சுண்ணாம்பு வளையம் வளையமாகப் படிந்து, துவாரம் விரலளவுக்குச் சுருங்கியிருக்கும். தேநீர்க் கேத்தலின் அடியில் படிவது போலத்தான். இங்கே நூற்றாண்டுக் கணக்கு. நகரின் தண்ணீரை யார் எவ்வளவு எடுக்கலாம், குழாயை உடைத்தால் என்ன தண்டம் என்று சொல்லும் கி.பி. 114 ஆம் ஆண்டுக் கல்வெட்டும் அங்கே கிடைத்திருக்கிறது.

ஆகவே பிள்ளைகளுக்கு இப்படிச் சொல்லலாம்: பக்கத்து ஊரின் வெந்நீர் உடம்பு நோவுக்கு உதவும், மற்ற ஊரின் குளிர்நீர் தாகம் தீர்க்கும், இந்த ஊர்த் தண்ணீர் இரண்டுக்கும் உதவாது. அப்படிப் பார்த்தால் "குளிர்" என்பது கெட்டதும் "அனல்" என்பது நல்லதும் ஆகாது, இரண்டுமே நல்லவை. பக்தியில் சூடு குறைந்தவர்கள் என்று பிரசங்கிப்பதைவிட இது வசனத்தோடு நன்றாகப் பொருந்துகிறது. தண்ணீர் விநியோகத்தோடு தொடர்பே இல்லை, விருந்தில் பரிமாறும் சூடான அல்லது குளிர்ந்த பானத்தைத்தான் எழுதியவர் நினைத்தார் என்று வாதிடும் அறிஞர்களும் உண்டு. அதே அதிகாரத்தின் 20 ஆம் வசனத்தில் கதவைத் தட்டி உள்ளே வந்து போசனம் பண்ணுவது வருவதால் அந்த வாதத்தையும் இலேசாகத் தள்ள முடியாது.

போகிறவருக்கு ஒரு நடைமுறைக் குறிப்பு. பாமுக்கலேயின் வெள்ளைப் படிகளில் சப்பாத்தோடு ஏறவிடமாட்டார்கள். காவலாளி விசில் அடிப்பார். கழற்றியதைப் போட ஒரு பை கொண்டுபோங்கள். தெனிஸ்லி பஸ் நிலையத்தின் கீழ்த்தளத்திலிருந்து சிறிய வான் ஓடுகிறது, அரை மணி நேரத்துக்குள் போய்விடும். 2011 இல் பிலிப்புவின் கல்லறை என்று இத்தாலிய அகழ்வாய்வாளர்கள் அறிவித்த இடம் மேலே மலையில் இருக்கிறது. வெயில் ஏறமுன் அங்கே போய்விட்டுப் பிறகு கீழே இறங்குவது புத்தி. கொலோசேயில் பெயர்ப்பலகையும் புல் மூடிய மேடும்தான். அகழ்ந்து வெளிக்கொணர்ந்த நகரம் என்று எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்.

கேள்வி: எபேசு துறைமுகப் பட்டணம் என்று படித்தோம். வரைபடத்தில் பக்கத்தில் கடலே இல்லையே? — சீனக்குடா மாணவன்

பதில்: கடல் பின்வாங்கியது. எபேசுவின் ஆறு கொண்டுவந்த வண்டல் குடாவை நிரப்பி, கரையைச் சில கிலோமீற்றர் மேற்கே தள்ளிவிட்டது. அரங்கின் மேல்படியில் நின்றால் நேரே ஒரு வீதி ஓடி, நாணலும் சேறுமாக முடிவது தெரியும். அந்தச் சேறுதான் துறைமுகம். மிலேத்துவிலும் இதே கதை, அங்கே பழைய தீவு ஒன்று இப்போது வயல் நடுவே குன்றாக நிற்கிறது. கொட்டியாரக் குடாவில் மகாவலி அவ்வளவு வண்டல் கொண்டுவந்தும் நம் துறைமுகம் மூடாததற்கு, ஆற்றுவாயை ஒட்டியே தொடங்கும் ஆழ்கடல் பள்ளத்தாக்கு காரணம். எபேசுவுக்கு அந்த வசதி இல்லை.

உள்ளே போகும்போது மேல்வாசலால் நுழைந்து கீழ்வாசலால் வெளியேறுங்கள், முழுக்க இறக்கம். சலவைக்கல் வீதி மழையில் வழுக்கும். எல்லோரும் படம் எடுக்கும் செல்சு நூலகம் பவுலுக்குப் பிறகு, இரண்டாம் நூற்றாண்டில் கட்டியது. அதன் முன்னால் நின்று "பவுல் இங்கே நடந்தார்" என்று எழுதிவிடாதீர்கள்.

கேள்வி: நாங்கள் தலைமுறையாகக் கடல்தொழில். கலிலேயாக் கடல் உண்மையில் குளம் என்கிறார்கள். குளத்தில் படகு மூழ்குமளவுக்குப் புயல் எப்படி வரும்? அந்தக் காலப் படகு எப்படி இருந்தது? — சல்லி வாசகர்

பதில்: நன்னீர் ஏரிதான்: நீளம் 21 கிலோமீற்றர், அகலம் கூடிய இடத்தில் 13 அளவு. அக்கரை கண்ணுக்குத் தெரியும். ஆனால் நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு 210 மீற்றர் கீழே, சுற்றிலும் மலை. கோடையில் பிற்பகலானால் மத்தியதரைக் கடலின் குளிர்ந்த காற்று மேற்கு மலைகளைத் தாண்டிக் குழிக்குள் சரிந்து விழும். அர்பேல் கணவாய் அதற்கு வாசல். மாரிகாலத்தில் கிழக்கே கோலான் மேட்டிலிருந்து அடிப்பது இன்னும் மோசம். ஏரி ஆழமில்லை, கூடியது 43 மீற்றர் அளவு. ஆழமில்லாத தண்ணீரில் அலை நீளமாக உருளாமல், குறுகலாகவும் செங்குத்தாகவும் எழும்பும் என்பது உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கச்சான் காற்று எப்போது எழும்பும் என்று நீங்கள் முன்கூட்டிச் சொல்வீர்கள். இது மலைக்கு அப்பாலிருந்து வருவதால் அறிகுறி குறைவு.

படகைப் பற்றி ஊகிக்கத் தேவையில்லை, ஒன்று கையில் இருக்கிறது. 1986 இல் மழை பொய்த்து ஏரி வற்றியபோது, கினோசார் கரைச் சேற்றில் மீனவச் சகோதரர் இருவர் கண்டெடுத்தார்கள். நீளம் ஏறக்குறைய 8.2 மீற்றர், அதாவது 27 அடி, அகலம் 2.3 மீற்றர். கி.மு. முதல் நூற்றாண்டுக்கும் கி.பி. முதல் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டது. பலகைகளை விளிம்போடு விளிம்பு வைத்து, உள்ளே துளையிட்டு, நாக்குக் கட்டையைச் செருகி, மர ஆணி அடித்து இறுக்கியிருக்கிறார்கள். 12 வகை மரம்! நல்ல கேதுருப் பலகைக்குப் பக்கத்திலேயே வேறு படகிலிருந்து கழற்றிய துண்டு. காசில்லாத சொந்தக்காரன் ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டுக் காலம் கடத்திய படகு என்று தச்சன் எவனும் சொல்லுவான். நனைந்த மரம் காய்ந்தால் வெடிக்கும் என்பதால், நுரையால் சுற்றி மிதக்கவிட்டுக் கொண்டுபோய், ஆண்டுக்கணக்காக மெழுகுக் கரைசலில் ஊறவைத்தே வெளியே எடுத்தார்கள். இப்போது கினோசார் நூதனசாலையில் இருக்கிறது. "இயேசுவின் படகு" என்ற பெயர் சுற்றுலாக்காரருக்காக. அதற்கு ஆதாரம் ஏதுமில்லை.

வலைகளும் உங்களுக்குப் பழக்கமானவைதான். மத்தேயு 13 இல் எல்லா மீனையும் வாரி இழுத்துக் கரையில் பிரிப்பது கரைவலை. பேதுருவும் அந்திரேயாவும் போட்டது வீச்சுவலை. லூக்கா 5 இல் இராமுழுதும் பாடுபட்டுவிட்டுக் காலையில் அலசுகிறார்களே, அது மூன்று அடுக்கு வலை என்பது ஏரியின் மீன்பிடியை ஆராய்ந்தவர்களின் கருத்து. நைலோன் இல்லாத காலம், லினன் நூல் வலை. பகலில் மீனுக்குத் தெரிந்துவிடும், ஈரமாக விட்டால் உக்கிவிடும். அதனால்தான் இரவுத் தொழிலும் காலை அலசலும். பகலில் ஆழத்தில் வலை போடச் சொன்னபோது பேதுரு ஏன் தயங்கினார் என்று இதை அறியாதவருக்கு விளங்காது. கரையோரக் கடைகளில் "பேதுருவின் மீன்" என்று பொரித்துத் தருவது திலாப்பியா. கந்தளாயில் அதைவிட மலிவாகச் சாப்பிடலாம்.

கேள்வி: எசேக்கியாவின் சுரங்கத்துக்குள் நடக்கலாமாமே. பயமில்லையா? — மூதூர் வாசகி

பதில்: ஒடுங்கிய இடம் ஒத்துக்கொள்ளாதவர் போக வேண்டாம். 533 மீற்றர், நடுவில் திரும்பி வர முடியாது, பின்னால் ஆட்கள் வந்துகொண்டிருப்பார்கள். தண்ணீர் முழங்காலளவு, தொடக்கத்தில் சில இடங்களில் தொடை வரை. சேலை, நீளப்பாவாடை சரிவராது. ஈரத்தில் கழராத இறப்பர்ச் செருப்பு, தலையில் கட்டும் டோர்ச், கைத்தொலைபேசிக்குத் தண்ணீர் புகாத உறை. அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடலாகும். சுவரை வெளிச்சத்தில் பாருங்கள்: உளி அடிகள் முதலில் ஒரு திசையில் சாய்ந்திருக்கும், பாதிக்குமேல் எதிர்த்திசையில். இரண்டு பக்கத்திலிருந்தும் குடைந்து வந்தவர்கள் சந்தித்த இடத்தில் பாதை தடுமாறி வளைவதும் தெரியும்.

கேள்வி: இயேசுவைச் சிலுவையில் அறைந்த கொல்கொதா எது? எருசலேமின் பெரிய கல்லறைத் தேவாலயத்துக்குள் இருப்பதா, தோட்டக் கல்லறையா? எங்கள் சபையில் தோட்டக் கல்லறை என்றுதான் சொல்கிறார்கள். — நிலாவெளி வாசகர்

பதில்: தோட்டம் அமைதியானது, ஜெபிக்க நல்ல இடம், ஆதாரம் தேவாலயத்தின் பக்கம். 1883 இல் ஆங்கிலேயத் தளபதி கோர்டன், மண்டையோட்டைப் போலத் தெரியும் பாறையைக் கண்டு அந்த இடத்தைப் பிரபலமாக்கினார். ஆனால் அங்குள்ள கல்லறை அமைப்பு யூதா அரசர் காலத்துக்குரியது, அதாவது இயேசுவின் காலத்தில் பல நூற்றாண்டு பழையது. "ஒருவனும் ஒருக்காலும் வைக்கப்பட்டிராத" புதுக் கல்லறைக்குப் பொருந்தாது.

தேவாலயம் இன்று மதிலுக்குள் இருப்பதுதான் பலருக்கு இடறல். கி.பி. 41–44 இல் ஏரோது அகிரிப்பா கட்டத் தொடங்கிய மதில்தான் அந்தப் பகுதியை நகருக்குள் சேர்த்தது. சிலுவை நடந்தபோது அது மதிலுக்கு வெளியே, பழைய கற்குழியில் இருந்த தோட்டம். உள்ளே மேற்குப் பக்கத்தில், சீரியர் சிற்றாலயத்தின் பின்னால், அக்காலத்துக் கல்லறைக் குழிகள் இன்னும் இருக்கின்றன. இருட்டு, டோர்ச் இல்லாமல் போனால் தெரியாது. கட்டடம் 335 இல் பிரதிஷ்டை செய்யப்பட்டு, இடிந்து, மீண்டும் கட்டி வந்தது. இன்று ஆறு திருச்சபைகள் பங்கிட்டுப் பயன்படுத்துகின்றன, சாவி முஸ்லிம் குடும்பத்தாரிடம். கூட்டத்தைத் தவிர்க்க விடியற்காலையில் போங்கள்.

கேள்வி: அகழ்வாராய்ச்சியில் தொண்டராகச் சேரலாமா? என்ன வேலை தருவார்கள்? — சாம்பல்தீவு மாணவி

பதில்: 18 வயது நிரம்பியிருந்தால் பெரும்பாலான அகழ்வுகளில் சேர்ப்பார்கள். சம்பளம் இல்லை, தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்கும் நீங்கள்தான் கட்ட வேண்டும். பல்கலைக்கழகப் புள்ளி கிடைக்குமா என்று முன்பே எழுதிக் கேளுங்கள், அதற்கு வேறு கட்டணம். பருவம் பெரும்பாலும் ஜூன், ஜூலை.

விடியற்காலை ஐந்து மணிக்கு நிலத்தில் நிற்க வேண்டும், பகல் பன்னிரண்டு, ஒரு மணிக்கு முடியும். பிற்பகலில் மட்பாண்ட ஓட்டுத் துண்டுகளைக் கழுவுவது, மூத்தவர்கள் தரம் பிரிக்கும்போது பக்கத்தில் இருந்து பார்ப்பது. விளிம்பு, கைப்பிடி, அடிப்பாகம்: இந்த மூன்றும்தான் காலத்தைச் சொல்லும், வயிற்றுத் துண்டுகள் பெரும்பாலும் எண்ணிவிட்டுக் கழிக்கப்படும். கருவிகள் கைப்பிக்காசு, சாந்தகப்பை, தூரிகை, வாளி, அரிதட்டு. கையுறையும் முழங்காலுக்கு ஒரு மெத்தையும் கொண்டுபோனால் நன்றி சொல்வீர்கள். ஏற்பு ஊசி போட்டிருக்க வேண்டும்.

நிலத்தை 5 மீற்றர்ச் சதுரமாகப் பிரித்து, ஓரத்தில் வெட்டாத மண்சுவர் விட்டு, 4 மீற்றருக்கு 4 மீற்றர் தோண்டுவது வழமை. அந்தச் சுவர்முகத்தில்தான் மண்படைகள் வரிவரியாகத் தெரியும். அதில் சாய்வது, காலை வைப்பது, ஓட்டுத் துண்டு தெரிகிறதென்று பிடுங்குவது எல்லாம் பெரிய குற்றம். அடுத்த தவறு, பிற்காலத்தவர் வெட்டிய குப்பைக்குழியைக் கவனிக்காமல் ஒரே படையென்று தோண்டிவிடுவது. மண்ணின் நிறமோ இறுக்கமோ மாறியதும் கையை நிறுத்திக் கூப்பிட வேண்டும். ஒவ்வொரு வாளிக்கும் சதுரம், படை எண், திகதி எழுதிய அட்டை உண்டு. அட்டை மாறினால் அந்த வாளி முழுவதும் வீண்.

இவ்வளவு கெடுபிடி ஏன் என்பதற்கு எரிகோ சாட்சி. 1930களில் அகழ்வாய்வாளர் கார்ஸ்டாங் அங்கே விழுந்துகிடந்த மதிலைக் கண்டு யோசுவா காலத்தது என்றார். 1952 முதல் 1958 வரை கத்லீன் கென்யன் படை படையாகப் பிரித்துத் தோண்டியபோது, அதே மதில் யோசுவாவுக்குச் சொல்லப்படும் காலத்தைவிட ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு முந்தியது என்று தெரிந்தது. விவாதம் இன்னும் ஓயவில்லை. கார்ஸ்டாங்கின் முடிவை மட்டும் எடுத்து அச்சடிக்கும் துண்டுப்பிரசுரங்களும் ஓயவில்லை.

கேள்வி: திருகோணமலை வெயிலுக்குப் பழகிய எங்களுக்கு அந்த ஊர்ச் சூடு என்ன பெரிய விடயமா? — குச்சவெளி வாசகர்

பதில்: பழகியது ஈர வெயிலுக்கு. இங்கே சட்டை நனைவதால் தண்ணீர் குடிக்கிறோம். சாக்கடல் பக்கத்தில் வியர்வை வந்த கணமே காய்ந்துவிடும். வியர்க்கவில்லை என்று நினைத்துக் குடிக்காமல் இருப்பவர்தான் மாலையில் தலையிடியோடு படுப்பார். நாளுக்கு மூன்று, நான்கு லீற்றர், தாகம் எடுக்கமுன். சிறுநீர் கடுமஞ்சளானால் போதவில்லை என்று அர்த்தம். எருசலேம் ஏறக்குறைய 750 மீற்றர் உயரத்தில். எரிகோ கடல்மட்டத்துக்கு 250 மீற்றர் கீழே. இடைத்தூரம் 25 கிலோமீற்றர் அளவுதான். காலையில் குளிர்ச்சட்டை போட்டு ஏறிய அதே பஸ்ஸிலிருந்து வேர்க்க வேர்க்க இறங்குவீர்கள்.

ஏப்ரலும் ஒக்டோபரும் நல்ல மாதங்கள். டிசம்பர், ஜனவரியில் அங்கும் மாரி. எருசலேமில் பல்லுக் கிட்டும். மெல்லிய சுவெட்டர் போதாது. மழைக்காலத்தில் பாலைவனப் பள்ளங்களில் நடக்க வேண்டாம். தலைக்கு மேல் வானம் வெளுத்திருக்கும், தூர மலையில் பெய்த மழை திடீரெனச் சுவர்போல வரும். 1963 இல் பெட்ராவின் ஒடுங்கிய பிளவில் வெளிநாட்டுப் பயணிகள் அப்படித்தான் அடித்துச் செல்லப்பட்டார்கள். சீனாய் மலை 2,285 மீற்றர். சூரிய உதயத்துக்காக நள்ளிரவு தாண்டி ஏறுகிறவர்களுக்குக் கையுறையும் தொப்பியும் தேவை. அடிவாரத்துப் புனித கத்தரீன் மடம் காலையில் சில மணி நேரமே திறக்கும், வெள்ளியும் ஞாயிறும் வழமையாகப் பூட்டு. மலையேற்றத்தை வியாழன் இரவில் வைத்தால் மடத்தைப் பார்க்காமல் திரும்ப வேண்டியதுதான்.

கேள்வி: யோர்தான் தண்ணீர், கொஞ்சம் மண், ஒரு சிறு கல் கொண்டுவரலாமா? அம்மம்மா கேட்கிறார். — தம்பலகாமம் மாணவன்

பதில்: தண்ணீர் கொண்டுவரலாம். கையில் கொண்டுபோகும் பையில் 100 மில்லிலீற்றருக்கு மேல் விடமாட்டார்கள், ஆகவே மூடியை நாடாவால் சுற்றி, இரண்டு பொலித்தீன் பையில் போட்டு, சரக்கில் போகும் பெட்டிக்குள் வையுங்கள். கலங்கலாகத்தான் இருக்கும், அம்மம்மா தெளிக்கட்டும், குடிக்க வேண்டாம். மண் வேண்டாம், தாவர நோய் பரவும் என்பதால் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் அதற்குத் தடை உண்டு.

கல்லைத் தொடாதீர்கள். துருக்கியில் தொல்லிடத்துச் சலவைக்கல் சில்லோ ஓட்டுத் துண்டோ பெட்டியில் அகப்பட்டால் வழக்கு, சிறை வரை போகலாம். "கீழே கிடந்தது" என்பது பதிலாகாது. பழைய காசு என்று சிறுவர்கள் நீட்டுவது போலியாக இருந்தால் காசு நட்டம், உண்மையாக இருந்தால் குற்றம். இஸ்ரேலில் 1700 ஆம் ஆண்டுக்கு முற்பட்ட எதையும் உத்தரவில்லாமல் வெளியே எடுக்க முடியாது. பெத்லகேமில் ஒலிவமரச் சிலுவை ஒன்று வாங்கிக்கொடுங்கள், பற்றுச்சீட்டையும் கேட்டு வாங்குங்கள்.